மண்டியிடும் மன்னன்: 'ஸெல்டா' விளையாட்டுத் தொடரின் கதைமரபுகள்

கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்கு வந்தபோது பிள்ளைகளுக்கென்று ஒரு நின்டென்டோ ஸ்விட்ச் கொண்டுவந்தான். மாமா ஆசையாய்த் தந்த சாமானை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்ட மனம் வரவில்லை. பாடசாலை நாட்களில் ஒரு மணித்தியாலம், விடுமுறையில் இரண்டு மணித்தியாலம் என்று சட்டம் போட்டேன். சட்டம் போட்டவள் பக்கத்தில் இருந்து காவலும் காக்கத்தானே வேண்டும். விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு காவலிருந்த அந்த மாலைகளில், திரையில் ஒரு கதை ஓடுவதைக் கவனித்தேன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவளுக்கு அந்தக் கதையின் நடை புதிதாக இருக்கவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். பெற்றோர் வட்ஸ்அப் குழுவொன்றில் ஒரு குரல் பதிவு சுற்றத் தொடங்கியது. "இந்தக் கேமில நம்மட ஓதல வெச்சி வெளயாடுறானுகள், பிள்ளையள்ட கையில இருந்து பறிச்செடுங்க" என்றது அது. எந்தக் கேம், எந்த இடத்தில் என்று திருப்பிக் கேட்டேன். பதில் சொல்ல ஒருவரும் இல்லை. நானே தேடிப் பார்த்தேன். புதிய ஆட்டங்களை மகனோடு இருந்து பார்த்தேன்; பழையவற்றைக் காணொளிப் பதிவுகளில் முழுமையாகப் பார்த்தேன். அந்தக் குரல் பதிவில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பதிவு தொடாத பெரிய விடயம் ஒன்றும் அங்கே இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் இந்தத் தொடர் கதை சொல்லும் முறையைச் சொல்ல வேண்டும்.

ஒரே கதை, பல தடவை

'த லெஜன்ட் ஒஃப் ஸெல்டா' 1986 பெப்ரவரி 21இல் யப்பானில் வெளிவந்தது. நின்டென்டோ நிறுவனத்தில் ஷிகெரு மியமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் உருவாக்கியது. கியோட்டோவுக்கு அருகே சிறு ஊரொன்றில் வளர்ந்த மியமோட்டோ, சின்ன வயதில் காடு மலையெல்லாம் அலைந்து குகைகளைக் கண்டுபிடித்த அனுபவத்தை விளையாட்டாக்க விரும்பினார். இளவரசியின் பெயர் அமெரிக்க எழுத்தாளர் ஸ்கொட் ஃபிட்ஸ்ஜெரல்டின் மனைவி ஸெல்டாவிடமிருந்து வந்தது. அன்றிலிருந்து ஏறத்தாழ நாற்பது வருடங்களாகத் தொடர் நீள்கிறது. 2023இல் வெளிவந்த 'டியர்ஸ் ஒஃப் த கிங்டம்' முதல் மூன்று நாட்களுக்குள் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. இன்றைய பிள்ளைகள் எத்தனை பேர் ஒரு நாவலை முழுதாக வாசித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதையை அறிந்தவர்கள் கோடிக் கணக்கில் இருக்கிறார்கள்.

கதை இதுதான். ஹைரூல் என்றொரு நாடு. மூன்று தேவதைகள் விட்டுச்சென்ற ட்ரைஃபோர்ஸ் என்ற பொன் முக்கோணம் அங்கே இருக்கிறது. அதன் மூன்று கூறுகள் வலிமை, அறிவு, துணிவு. வலிமை கானன் என்ற தீயவனிடம்; அறிவு ஸெல்டா என்ற இளவரசியிடம்; துணிவு லிங்க் என்ற இளைஞனிடம். தீயவன் நாட்டைப் பிடிக்கிறான், இளவரசி சிறைப்படுகிறாள் அல்லது மறைகிறாள், இளைஞன் வாளெடுத்துப் புறப்படுகிறான். அடுத்த ஆட்டத்தில் வேறொரு காலம், வேறொரு லிங்க், வேறொரு ஸெல்டா. கதை அதேதான்.

"உம்மா, இவன் எப்பவும் நித்திரையில இருந்துதான் எழும்புவான், பாருங்க" என்று முதன்முதலில் காட்டித் தந்தது என் மகள். சரியாகத்தான் சொன்னாள். 1991 ஆட்டத்தில் மழை இரவொன்றில் இளவரசியின் குரல் கேட்டு எழும்புகிறான். 1993இல் கப்பல் உடைந்து கரையொதுங்கி யாரோ ஒருத்தியின் வீட்டில் கண் விழிக்கிறான். 1998இல் சிறு தேவதையொன்று வந்து எழுப்புகிறது. 2002இல் தங்கச்சி எழுப்புகிறாள். 2017இல் வந்த 'ப்ரெத் ஒஃப் த வைல்ட்' ஆட்டத்தில் அந்தத் தூக்கம் நூறு வருடமாக நீண்டுவிட்டது. நூறு வருடம் என்றதும் நமது வாசகருக்கு, அழிந்த ஊரொன்றைக் கடந்துபோய் நூறாண்டு மரணத்தில் கிடந்து எழுப்பப்பட்டவரின் சம்பவம் நினைவுக்கு வரும். குகைத் தோழர்களும் நினைவுக்கு வருவார்கள். ஒன்றிலிருந்து மற்றது எடுக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. தூங்கி எழுபவனுக்கு உலகம் புதிதாகத் தெரியும். அவனோடு சேர்ந்து கேட்பவனும் புதிதாகப் பார்ப்பான். கதை சொல்லிகள் எல்லா இடத்திலும் அறிந்துவைத்திருக்கும் உபாயம் அது.

இப்படிப் பல இருக்கின்றன. முதல் ஆட்டத்தில் குகைக்குள் ஒரு முதியவர் வாளைக் கொடுக்கிறார். பின்னர் வந்தவற்றிலும் யாரோ ஒரு மூத்தவர் அந்த இடத்தில் நிற்கிறார். முதலில் மூன்று பொருட்களைத் தேட வேண்டும்: பதக்கங்கள், கற்கள், முத்துகள், எதுவானாலும் மூன்று. மூன்றும் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கும்போது கதை திரும்பும். உலகம் இருண்டிருக்கும், அல்லது ஏழு வருடம் கடந்திருக்கும். பிறகு பெரிய தேடல். ஏழு கன்னியர், ஏழு ஞானியர் என்று ஏழின் கணக்கும் அடிக்கடி வரும். கல்லில் செருகிய வாள் இருக்கும். தகுதி வந்தவனுக்கு மட்டும் அது கழன்று வரும்.

இதைப் பார்த்து "கற்பனை வறட்சி" என்று சொல்வது சுலபம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பாடம்தான் தடுத்தது. பேராசிரியர் க. கைலாசபதியின் 'தமிழ் ஹீரோயிக் பொயட்ரி' 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. மில்மன் பரியும் அல்பேட் லோர்டும் யூகோஸ்லாவியப் பாடகர்களிடம் கண்டறிந்த வாய்பாட்டு முறையை அது சங்கப் பாடல்களோடு பொருத்திப் பார்த்தது. ஒரே தொடரும் ஒரே காட்சியும் திரும்பத் திரும்ப வருவது பாணனின் இயலாமை அல்ல, அவனது தொழில்முறை என்பதை அன்று விளங்கிக்கொண்டோம். என் உம்மும்மா கிஸ்ஸா படிக்கும்போது முடிவு தெரியாமல் கேட்டவர்கள் யாராவது இருந்தார்களா? தெரிந்ததைத்தான் கேட்டார்கள். எந்த இடத்தில் குரலை இழுப்பார், எந்த இடத்தில் நிறுத்தி வெற்றிலை போடுவார் என்பதில்தான் அவர்களது கவனம் இருந்தது.

ஆகவே இந்தத் தொடரிடம் "புதிதாக என்ன சொன்னாய்" என்று கேட்பதில் பயனில்லை. வாய்பாட்டை எந்த இடத்தில் வளைத்தது, எந்த இடத்தில் வளைக்கத் துணியவில்லை என்று கேட்க வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ளாத ஒரு முயற்சி பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2011 டிசம்பரில் 'ஹைரூல் ஹிஸ்டோரியா' என்ற நூல் யப்பானில் வெளியானது. எல்லா ஆட்டங்களையும் ஒரே காலவரிசையில் அது அடுக்கியது. ஒழுங்காக அடுக்க முடியாமற்போகவே 1998 ஆட்டத்திலிருந்து வரலாறு மூன்று கிளைகளாகப் பிரிந்ததாகச் சொன்னது. அதில் ஒரு கிளை, நாயகன் தோற்றுப்போனால் நடந்திருக்கக்கூடியது. ரசிகர்கள் கேட்டதற்காகச் செய்த வேலை. பெயரிலேயே 'லெஜன்ட்' என்று வைத்துவிட்டு, வாய்வழிக் கதைக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடுவது எதற்கு? ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரே பழங்கதையை வெவ்வேறு பேர் சொல்லும் பாடபேதமாக வாசிப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

பேசாத நாயகன்

லிங்க் பேசமாட்டான். மற்றவர்கள் பேசுவார்கள், அவன் தலையசைப்பான். "இவன் ஏன் உம்மா கதைக்கவே மாட்டான்?" என்று கேட்டது மகன். பதில் சொன்னது மகள்: "அவன் கதைச்சா மறுகா அது நீ இல்லயே!" இணைப்பு என்று பொருள்படும் பெயரை அவனுக்கு வைத்ததும் அதற்காகத்தான். ஆடுபவரையும் அந்த உலகத்தையும் இணைக்கும் கயிறு அவன். பழைய ஆட்டங்களில் அவனுக்கு நம் பெயரையே இட்டுக்கொள்ளலாம்.

2017இல் மற்றப் பாத்திரங்களுக்கு முதன்முறையாக நடிகர்களின் குரல் வந்தது. குரல் வந்ததும் பெயர் மாற்றும் சுதந்திரம் போய்விட்டது. ஆனால் அந்த ஆட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஸெல்டாவின் நாட்குறிப்பைத் தேடிப் படித்தால் லிங்க்கின் மௌனத்துக்குக் காரணம் கிடைக்கும்: எல்லோர் கண்ணும் தன்மேல் இருப்பதால் எதையும் வெளியே காட்டாமல் சுமக்க வேண்டும் என்று அவன் நினைக்கிறான். முப்பது வருடமாக வெறும் உத்தியாக இருந்த ஒன்று, ஒரு பொடியனின் மனச்சுமையாக மாறிவிட்டது. மரபை உடைக்காமல் மரபுக்குள்ளேயே ஆழம் தேடிய இடம் அது.

மரபு தன்னையே கேட்ட கேள்விகள்

தொடரின் சிறந்த ஆட்டங்கள் என்று நான் கருதும் மூன்றும் இந்த மரபைப் பார்த்துக் கேள்வி கேட்டவை.

'லிங்க்ஸ் எவேக்னிங்' 1993இல் வந்து 2019இல் ஸ்விட்ச்சுக்காகப் புதுப்பிக்கப்பட்டது. அதில் ஹைரூலும் இல்லை, ஸெல்டாவும் இல்லை. கொஹோலின்ட் என்ற தீவிலிருந்து வெளியேற வேண்டுமானால் மலையுச்சியில் முட்டைக்குள் உறங்கும் காற்று மீனை எழுப்ப வேண்டும். பாதி வழியில் உண்மை தெரியவருகிறது: தீவும் அதன் மக்களும் அந்த மீனின் கனவு. அது விழித்தால் எல்லாரும் இல்லாமற்போவார்கள். கரையொதுங்கியவனைக் காப்பாற்றிப் பாட்டுப் பாடிக் காட்டிய மரின் என்ற பெண்ணும் போய்விடுவாள். எல்லா ஆட்டத்திலும் தூங்கி எழுந்து கதையைத் தொடங்கியவன், இங்கே எழுப்பிக் கதையை அழிக்கிறான். என் மகன் தன் பெயரை இட்டு ஆடியதால் அழித்ததும் அவன் பெயரில்தான் பதிவாயிற்று. முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "வெண்டதுக்கு சந்தோசமா இல்ல உம்மா" என்றான். நல்ல துன்பியல் நாடகம் செய்யும் வேலை அதுதான்.

'மஜோராஸ் மாஸ்க்' 2000இல் வந்தது. மூன்று நாளில் நிலவு ஊரின் மேல் விழப்போகிறது. மூன்றாம் நாள் முடியுமுன் இசைக்கருவியை ஊதி முதல் நாளுக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் நீங்கள் செய்த உதவிகளெல்லாம் நடக்காதவையாகிவிடும். அஞ்சு என்ற பெண்ணையும், சாபத்தால் சிறுவனாகிப்போன அவளது மாப்பிள்ளை கஃபெய்யையும் சேர்த்துவைக்க மூன்று நாளும் ஓடித் திரிய வேண்டும். நிலவு விழுவதற்குச் சற்று முன்னர்தான் அவர்கள் சேர்கிறார்கள். அதன் பிறகு நாளைத் திருப்பியே ஆக வேண்டும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதன் வேதனையை இத்தொடர் தன் வாயாலேயே சொன்ன இடம் இது.

2002இன் 'விண்ட் வேக்கர்' இன்னும் துணிந்தது. அதில் ஹைரூல் கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கிறது. மேலே எஞ்சிய தீவுகளில் வாழும் சனங்களுக்குப் பழைய வீரனின் கதை ஒரு சடங்காக மட்டும் மிஞ்சியிருக்கிறது: பையன்கள் குறித்த வயதை அடையும் நாளில் பச்சைச் சட்டை உடுத்துவிடுவார்கள். லிங்க்கின் பாட்டி தைத்துக் கொடுத்த சட்டை அது. வெக்கையாக இருக்கிறதே என்ற முகத்தோடு அதைப் போட்டுக்கொள்கிறான். இறுதியில் மூழ்கிய நாட்டின் மன்னர், எல்லா வரமும் தரும் ட்ரைஃபோர்ஸிடம் தன் நாட்டை மீட்டுத் தரும்படி கேட்கவில்லை. அது அப்படியே மூழ்கட்டும், இந்தப் பிள்ளைகளுக்கு எதிர்காலம் கிடைக்கட்டும் என்று கேட்டுவிட்டு நாட்டோடு தானும் அமிழ்ந்துபோகிறார். பழம்பெருமையைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றாமல் விடுவது எவ்வளவு கடினமென்று ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும்.

இளவரசியின் இடம்

தொடரின் பெயர் ஸெல்டாவினுடையது, ஆட்டமோ லிங்க்கினுடையது. இந்த முரண்பாடு ஆரம்பத்திலிருந்தே உள்ளது. அதைச் சரிசெய்ய எடுத்த முயற்சிகள் பாதியிலேயே பின்வாங்கியிருக்கின்றன.

1998 ஆட்டத்தில் ஸெல்டா ஏழு வருடம் ஷீக் என்ற மாறுவேடத்தில் தப்பித் திரிகிறாள். வேகமானவள், அறிவுள்ளவள், லிங்க்குக்கு வழிகாட்டுபவள். வேடத்தைக் களைந்து "நான்தான் ஸெல்டா" என்று சொன்ன சில கணங்களிலேயே சிறைப்படுகிறாள். 'விண்ட் வேக்கர்' ஆட்டத்தில் டெட்ரா ஒரு கடற்கொள்ளைக் கப்பலின் தலைவி. வெயிலில் கறுத்த முகம், பெரிய வாய், பெரிய மனசு. அவள்தான் ஸெல்டாவின் வாரிசு என்று தெரிந்ததும் நீண்ட கவுன் வருகிறது, தோல் வெளுக்கிறது, "ஆபத்து, நீ இங்கேயே இரு" என்ற கட்டளையும் வருகிறது. இளவரசியாவது அவளுக்குப் பதவி உயர்வா, பதவி இறக்கமா என்று என் மாணவிகளிடம் கேட்டேன். ஒருத்திகூட உயர்வு என்று சொல்லவில்லை.

2017இன் ஸெல்டா ஆராய்ச்சியில் ஆர்வமுள்ளவள். அதை விட்டுவிட்டுப் பிரார்த்தனையில் மட்டும் கவனம் செலுத்தும்படி தந்தை அதட்டுகிறார். 2023இல் அவள் பழங்காலத்துக்குள் வீசப்பட்டு, உடைந்த வாளைச் சீராக்குவதற்காகத் தன் நினைவையும் உருவத்தையும் துறந்து பறவைநாகமாகி நூற்றாண்டுகள் கணக்கில் வானத்தில் அலைகிறாள். பெரிய தியாகம்தான். ஆனால் தியாகம் செய்யத்தான் அவளுக்கு இடம் உண்டு. ஆட்டத்தை நடத்த இடமில்லை. அந்த இடம் 2024இல் 'எக்கோஸ் ஒஃப் விஸ்டம்' மூலமாகத்தான் கிடைத்தது. அதன் இயக்குநர்களில் ஒருவரான தொமோமி சானோ, இத்தொடரில் அப்பொறுப்புக்கு வந்த முதலாவது பெண். அந்த ஆட்டத்தில் ஸெல்டா கண்ட பொருட்களைப் பிரதி செய்து வழி தேடுகிறாள். அவளுக்கு மிக அதிகமாக உதவும் பொருள் ஒரு கட்டில்! கட்டிலின்மேல் கட்டிலை அடுக்கிப் பாலம் போடுகிறாள். லிங்க் இத்தனை வருடமும் தூங்கி எழுந்த கட்டில் கடைசியில் ஒருத்திக்குப் பாலமாயிற்று என்று நான் சொல்ல மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாலைவனத்திலிருந்து வருபவன்

இனி அந்தக் குரல் பதிவுக்கு வருகிறேன்.

1998இன் 'ஒக்கரீனா ஒஃப் டைம்' இத்தொடரின் மிகப் புகழ்பெற்ற ஆட்டம். அதில் எரிமலைக்குள் இருக்கும் நெருப்புக் கோயிலின் பின்னணி இசையில், முதல் பதிப்புகளில், இஸ்லாமிய ஓதலின் ஒலித்துண்டுகள் இருந்தன. விலைக்கு வாங்கும் ஒலித்தொகுப்பொன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. பின்னைய பதிப்பில் அந்த ஒலி நீக்கப்பட்டு வேறு இசை சேர்க்கப்பட்டது. கெருடோ என்ற பாலைவன மக்களின் சின்னமாகப் பிறையும் நட்சத்திரமும் இருந்தன. அடுத்து வந்த ஆட்டத்திலும் பழையதன் மறுவெளியீடுகளிலும் அந்தச் சின்னம் மாற்றப்பட்டது. ஆகவே குரல் பதிவு சொன்னது ஒரு காலத்தில் உண்மை. திருத்தப்பட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது. வேண்டுமென்றே இழிவுபடுத்தியதாகவும் எனக்குப் படவில்லை. எங்கோ கேட்ட ஒலி, மர்மமாக இருக்கிறது, போட்டுவிட்டார்கள். நமது இபாதத் இன்னொருவருக்கு வெறும் "மர்ம ஒலி"யாகக் கேட்கிறது என்பதும் யோசிக்க வேண்டிய விடயமே.

ஒலியை நீக்கினார்கள். சின்னத்தை மாற்றினார்கள். கதையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கதையில் கெருடோக்கள் பாலைவனத்தில் வாழும் மண்ணிற மேனிப் பெண்கள், தொழில் களவு, கையில் வளைந்த வாள், சிலருக்கு முகத்திரை. நூறு வருடத்துக்கு ஒரு தடவை அவர்களுக்குள் ஓர் ஆண் பிறப்பான்; அவனே மன்னன். கானன்டோர்ஃப் அப்படிப் பிறந்தவன். அவன் ஹைரூல் மன்னர் முன் மண்டியிட்டு விசுவாசம் தெரிவிக்கும் காட்சியைச் சிறுமி ஸெல்டா யன்னல் வழியாக லிங்க்குக்குக் காட்டுகிறாள். அவன் பொய்யன், தன் கனவில் வந்த கருமேகம் அவன்தான் என்கிறாள். அவளிடம் வேறு ஆதாரம் இல்லை. கதை அவள் சொன்னதைச் சரியென்று நிரூபிக்கிறது. ஆனால் கவனமாகப் பார்த்தால், அவனை முந்துவதற்காக இந்தப் பிள்ளைகள் போட்ட திட்டம்தான் அவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. இந்த முரண்பாட்டைக் கதை ஒரு கணம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இருபத்தைந்து வருடம் கழித்து, 2023 ஆட்டத்தில், அதே காட்சி திரும்ப வருகிறது. வேறு காலம், வேறு மன்னர். அதே பாலைவனத் தலைவன் மண்டியிடுகிறான். இளவரசி அதே சந்தேகத்தோடு பார்க்கிறாள். மண்டியிடல் அதேபோலப் பொய். வாய்பாடு என்பது இதுதான். பாலைவனத்தான் சமாதானம் பேசினால் அதை நம்பாதே என்று ஒரு தடவை சொன்னால் அது சம்பவம். இரண்டாவது தடவையும் அப்படியே சொன்னால் அது பாடம்.

எட்வர்ட் செயித் 1978இல் எழுதிய 'ஓரியன்டலிஸம்' இதை வாசிக்க நமக்குக் கருவி தந்திருக்கிறது. இங்கே ஒரு சிக்கலும் உண்டு. யப்பான் அரபு நாடுகளை ஆண்ட நாடல்ல. தானே மேற்கின் கண்ணுக்குக் "கிழக்கு". அப்படியிருந்தும், பாலைவனம் வேண்டும் என்றவுடன் மேற்கத்தையப் படங்களிலும் ஆயிரத்தொரு இரவுச் சித்திரங்களிலும் கண்ட பாலைவனமே அவர்களின் கைக்கு வந்திருக்கிறது. சித்திரம் கடன் வாங்கியது. அதற்குள் இருந்த தப்பெண்ணமும் சேர்ந்தே வந்துவிட்டது.

இந்த மரபு ஆதியிலிருந்து வந்ததும் அல்ல. 1986இன் கானன் ஒரு பன்றி வடிவ அரக்கன். அவனுக்கு ஊரில்லை, இனமில்லை. 1991 ஆட்டத்தின் கையேடு அவனைத் திருடர் தலைவன் என்றது. 1998இல்தான் தீமைக்கு ஒரு பூமியும் ஒரு சனமும் ஒதுக்கப்பட்டன. இடையில் சேர்த்ததை இடையில் விடவும் முடியும்.

விட முயன்றதற்கும் அடையாளங்கள் உண்டு. 1998இலேயே நபூரு என்ற கெருடோப் பெண் தன் மன்னனை எதிர்த்து நின்று, இறுதியில் ஞானியருள் ஒருத்தியாகிறாள். 'விண்ட் வேக்கர்' கடைசிக் காட்சியில் முதிர்ந்துபோன கானன்டோர்ஃப் முதன்முறையாகத் தன் பக்கத்தைச் சொல்கிறான்: எனது நாட்டில் பகலில் வீசும் காற்று எரித்தது, இரவில் வீசும் காற்று உறைய வைத்தது, இரண்டும் சாவையே கொண்டுவந்தன, ஹைரூலில் வீசிய காற்று வேறு எதையோ கொண்டுவந்தது, அந்தக் காற்றுக்கு நான் ஆசைப்பட்டேன். சாராம்சம் இவ்வளவுதான். ஒரு நாட்டுக்கு நீரும் நிழலும், பக்கத்து நாட்டுக்கு மணல் மட்டும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவன் செய்த கொலைகளை இது நியாயப்படுத்தாது. ஆனால் தீமைக்கு ஒரு காரணம் கிடைத்தது. காரணம் உள்ளவன் மனிதன்.

தொடர் அந்த வாசலில் நிற்கவில்லை. 2006இன் 'ட்வைலைட் பிரின்சஸ்' ஆட்டத்தில் கெருடோப் பாலைவனம் என்ற பெயர் இருக்கிறது. நடுவில் பழைய சிறைச்சாலை இருக்கிறது. கானன்டோர்ஃபுக்கு மரண தண்டனை நிறைவேற்ற முயன்ற இடமும் அதுதான். கெருடோ மக்கள் ஒருவர்கூட இல்லை. "அந்தச் சனமெல்லாம் எங்க உம்மா போன?" என்று மகள் கேட்டாள். ஆட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பவர் எவருமில்லை. 2011இன் 'ஸ்கைவேர்ட் ஸ்வோர்ட்', ஆதிகால அரக்கன் ஒருவனின் வன்மம் பிறவிதோறும் திரும்பி வரும் என்று ஒரு சாபத்தைச் சொல்லி எல்லாவற்றையும் முடித்தது. வறுமையையும் எல்லையையும் பற்றிப் பேசுவதைவிடச் சாபத்தைச் சொல்வது சுலபம். ஒருவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

2017இல் கெருடோக்கள் ஊரோடும் சந்தையோடும் திரும்பி வந்தார்கள். தங்கள் மொழியில் நன்றி சொல்ல 'ஸர்க்ஸோ' என்கிறார்கள். ஊர்போஸா என்ற வீரப்பெண், கானன் ஒரு காலத்தில் தன் இனத்து உருவில் வந்தவன் என்ற செய்தியைத் தனிப்பட்ட அவமானமாகச் சுமக்கிறாள். எங்கோ யாரோ செய்த குற்றத்துக்குத் தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் அந்த நிலை, 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்த நாட்டில் வாழ்ந்த நமக்கு விளக்கம் தேவையில்லாதது. அந்தக் காட்சியில் நான் விடைத்தாளை மூடி வைத்துவிட்டேன். ஆனாலும் அதே ஆட்டத்தின் தொடர்ச்சிதான் 2023இல் மன்னனை மறுபடி மண்டியிட வைத்தது. அங்கேயும் அவனை எதிர்த்துப் போராடிய ஒரு கெருடோ ஞானி உண்டு என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 2024இல் ஸெல்டா ஆட்டத்தை நடத்தியபோது, தொடக்கத்தில் தோன்றும் கானன் வெறும் பிரதியுரு என்று தெரியவருகிறது. உண்மையான எதிரி ஊரும் இனமும் இல்லாத வெறுமை. பெண்ணுக்கு இடம் கிடைத்த அதே ஆட்டத்தில் பாலைவனத்துக்கும் விடுதலை கிடைத்திருக்கிறது. அது நிலைக்குமா என்பதை அடுத்த ஆட்டம் சொல்லும்.

நம் பக்கம்

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் வீட்டையும் பார்க்காமல் விட்டால் அது நேர்மையாகாது. நமது படைப்போர் இலக்கியங்களை எடுத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கத்து மன்னனுக்குக் கதை பெரும்பாலும் இரண்டு வழிகளையே விட்டுவைக்கும்: கலிமாச் சொல்லுதல் அல்லது வெட்டுண்ணுதல். அவனுடைய நாட்டில் என்ன காற்று வீசியது என்று நமது புலவர்களும் கேட்கவில்லை. அது அவர்கள் பெற்ற வாய்பாடு. வாய்பாடு கதை சொல்பவனுக்கு வசதியானது. அந்த வசதியின் விலையை வழக்கமாக எதிர்ப்பக்கத்தான்தான் கொடுக்கிறான். இதை ஒப்புக்கொள்ளும் வாசகருக்குத்தான் யப்பானியரைப் பார்த்துக் கேள்வி கேட்கும் தகுதி வரும்.

பறித்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பறித்தெடுத்த பிள்ளை பக்கத்து வீட்டில் போய் விளையாடும். அங்கே பக்கத்தில் இருந்து பேச ஆளிருக்காது. சிலப்பதிகாரத்தையும் சீறாவையும் படிப்பிக்கும்போது பாத்திரங்களை எடைபோடச் சொல்லித் தருகிறோம். அதே தராசு இங்கேயும் செல்லும். பதினோராம் தரத்துப் பிள்ளைகளிடம், மண்டியிடும் மன்னனின் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். விளையாட்டைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள்கூட எழுதினார்கள். ஒரு பிள்ளை அவனைத் தன் உம்மாவுக்கு எழுத வைத்திருந்தது. அத்தனை ஆட்டங்களிலும் அவனுக்கு உம்மா இருந்ததாக ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் மகனிடம் சொல்லி முடித்தபோது அவன் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான் வெளயாடுறத நிப்பாட்டவா உம்மா?" என்றான்.

"இல்ல மகன், வெளயாடு. அந்த ராசா முட்டுக்காலில நிக்கிற இடம் வந்தா மட்டும் என்னயும் கூப்பிடு."